சாரம் கட்டிய தடம்

2001இல், ஆண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது. பச்சைப் புல்வெளி. நடுவே நீளமாக வெட்டிய பள்ளம். அதில் ரயில் தண்டவாளக் கட்டைகளையும் நிலக்கரியையும் அடுக்கி, மேலே மாடுகளைப் போட்டிருந்தார்கள். விறைத்த கால்கள் வானத்தைப் பார்த்து நின்றன. பிறகு தீ, கறும்புகை.

சித்தப்பா அப்போது எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் செயலாளர். சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவர் கையை எடுத்துவிட்டார்.

"என்ன சீக்குடா இது, இந்தக் கொளுத்து கொளுத்துறானுங்க?"

"கோமாரியாம் சித்தப்பா. இங்கிலாந்துல."

"கோமாரிக்கா? அதுக்குத்தான் ஊசி இருக்கேடா. வெள்ளைக்காரனுக்குத் தெரியாதா?"

எங்கள் ஊரில் கோமாரி தெரியாதவர்கள் இல்லை. மாட்டுக்கு வாயில் நுரை தள்ளும், நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் வந்து உடையும், பால் வற்றும். கன்றுகள் சில சாகும். ஆனால் வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பிழைக்கக்கூடிய மாட்டை, அதுவும் லட்சக்கணக்கில், ஏன் கொல்கிறார்கள் என்பது சித்தப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

கேள்வி அப்படியே கிடந்தது. கோவிட் சமயத்தில் ரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் 'ஸ்பைக்' ஆன்டிபாடி, 'நியூக்ளியோகேப்சிட்' ஆன்டிபாடி என்று இரண்டு தனிச் சோதனைகளைப் பார்த்தேன். ஏன் இரண்டு என்று தேடினேன். கோவிஷீல்டு போட்டவர் உடலில் ஸ்பைக்குக்கு எதிரான ஆன்டிபாடி மட்டுமே உருவாகும். இரண்டாவதும் இருந்தால் அவருக்கு நிஜமாகவே தொற்று வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். இந்த யோசனையை முதலில் பயன்படுத்தியது மனித மருத்துவம் அல்ல, கால்நடை மருத்துவம் என்று தெரிந்தபோது, சித்தப்பாவின் கேள்வி இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தது.

ஊசி இருந்தது

வெள்ளைக்காரனுக்குத் தெரியும். உலகக் கோமாரி ஆய்வுக்கே தலைமை ஆய்வகம் இங்கிலாந்தின் பிர்பிரைட்டில்தான் இருக்கிறது. அவசரத்துக்கான தடுப்பூசிச் சேமிப்பும் அங்கேயே இருந்தது.

2001 பிப்ரவரி 19 அன்று எஸ்ஸெக்ஸில் ஓர் அறுவைக்கூடத்துப் பன்றிகளில் கொப்புளங்கள் தென்பட்டன. மறுநாள் கோமாரி உறுதியானது. தடம் பிடித்துப் போனால், வடக்கே நார்தம்பர்லாந்தில் ஹெடன்-ஆன்-த-வால் என்ற ஊரின் பன்றிப் பண்ணை. சரியாகக் கொதிக்க வைக்காத எச்சில் உணவைப் பன்றிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். வைரஸ் 'பான்-ஏசியா' எனப்படும் திரிபு. 1990இல் வட இந்தியாவில் அடையாளம் காணப்பட்டு, மேற்காசியா, கிழக்காசியா, தென்னாப்பிரிக்கா என்று பத்து வருடமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

செம்மறியாட்டில் கோமாரி அறிகுறி சரியாக வெளியே தெரியாது. அந்த ஆடுகள் சந்தைகளின் வழியே நாடு முழுக்கப் போய்விட்டிருந்தன. முதல் நோய் உறுதியான நாளிலேயே குறைந்தது 57 பண்ணைகளில் தொற்று இருந்தது என்று பின்னாளில் விசாரணை கண்டுபிடித்தது.

அரசு எடுத்த வழி கொலை. நோய் வந்த பண்ணையில் 24 மணி நேரத்தில் எல்லாக் கால்நடைகளையும் கொல்ல வேண்டும், அதை ஒட்டிய பண்ணைகளில் 48 மணி நேரத்தில். செப்டம்பர் 30 அன்று கடைசி நோய் பதிவாவதற்குள் பிரிட்டனில் 2,026 பண்ணைகளில் கோமாரி உறுதியாகியிருந்தது. கொல்லப்பட்டவை 60 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றுக்கு நோயே இல்லை. பக்கத்துப் பண்ணையில் இருந்ததால் செத்தவை பல. நடமாட்டத் தடையால் தீவனமும் இடமும் இல்லாமல், 'நலன் கருதி' கொல்லப்பட்டவை அவற்றில் 20 லட்சத்துக்கு மேல். பொதுத்தேர்தலே மே 3இலிருந்து ஜூன் 7க்குத் தள்ளிப்போனது. மொத்த இழப்பு சுமார் 800 கோடி பவுண்டு.

நடுவே ஏப்ரலில், கம்ப்ரியா பகுதி மாடுகளுக்காவது ஊசி போடலாமா என்ற பேச்சு வந்தது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் விவசாயிகளின் சங்கத்தினர். உணவுத் தொழில்துறையும் தயங்கியது. திட்டம் கைவிடப்பட்டது. மாடு வைத்திருப்பவர்களே ஊசி வேண்டாம் என்றது ஏன்?

ரத்தம் சொல்லாத பதில்

ஐரோப்பா ஒரு காலத்தில் நன்றாகவே ஊசி போட்டுக்கொண்டிருந்தது. 1947இல் ஆம்ஸ்டர்டாமில் ஃப்ரெங்கல் என்ற ஆய்வாளர், அறுவைக்கூடத்து மாடுகளின் நாக்குத் தோலை ஆய்வகத்தில் உயிரோடு வைத்து, அதில் கோமாரி வைரஸை வளர்த்துக் காட்டினார். தடுப்பூசியைப் பெருமளவில் செய்ய முடிந்தது. 1950களிலிருந்து ஐரோப்பியப் பெருநிலத்தின் பல நாடுகள் ஆண்டுதோறும் மாடுகளுக்கு ஊசி போட்டன. நோய் மளமளவென்று குறைந்தது. 1980களில், மிச்சமிருந்த நோய்களின் மரபணுவைப் பார்த்தபோது தர்மசங்கடமான ஒன்று தெரிந்தது. பலவற்றின் வைரஸ், தடுப்பூசிக்குப் பயன்படுத்திய வைரஸோடு ஒத்துப்போனது. சரியாகக் கொல்லப்படாத வைரஸ் ஊசி வழியாகவே போயிருக்கலாம். இனி ஊசியே வேண்டாம் என்று ஐரோப்பியச் சமூகம் முடிவெடுத்தது. 1991-92இல் வழக்கமான தடுப்பூசி நின்றது. அதற்குக் கிடைத்த பரிசு 'தடுப்பூசி இன்றியே கோமாரியிலிருந்து விடுபட்ட நாடு' என்ற தகுதி. அந்தத் தகுதி இருந்தால்தான் உலகின் விலை உயர்ந்த இறைச்சிச் சந்தைகள் கதவைத் திறக்கும்.

ஊசி போட்டால் அந்தத் தகுதி போய்விடும். மாட்டின் ரத்தத்தை எடுத்து வழக்கமான சோதனை செய்தால் கோமாரிக்கு எதிரான ஆன்டிபாடி தெரியும். அது ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா? சோதனைக்குத் தெரியாது. இரண்டு மாடுகளின் ரத்தமும் ஒன்று போலவே இருக்கும்.

இன்னொரு பயமும் உண்டு. கோமாரி வந்து தேறிய மாட்டின் தொண்டையில் வைரஸ் மாதக்கணக்கில், சில சமயம் மூன்று வருடம் வரைகூடத் தங்கலாம். ஊசி போட்ட மாட்டுக்கும் நோய் வெளியே தெரியாமலே இப்படித் தொண்டைத் தொற்று வரலாம். அப்படிப்பட்ட மாடு மற்றதற்கு நோயைக் கடத்தியதற்குக் களத்தில் உறுதியான ஆதாரம் கிடைப்பது அரிது. ஆனாலும் மாட்டை வாங்கப்போகிற நாட்டுக்கு அந்தச் சந்தேகமே போதும்.

அதனால் பாரிஸில் இருக்கும் உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதி அன்று இப்படி இருந்தது. எல்லாவற்றையும் கொன்று ஒழித்தால், கடைசி நோய்க்கு 3 மாதம் கழித்து ஒரு நாடு பழைய தகுதியைக் கேட்கலாம். ஊசி போட்டு உயிரோடு விட்டால் 12 மாதம் காத்திருக்க வேண்டும்.

3 மாதம், 12 மாதம். இடையிலுள்ள 9 மாத ஏற்றுமதிதான் அந்தத் தீக்குழிகளின் கணக்கு. "என் மாட்டுக்குச் சீக்கு இருக்கா?" என்பது விவசாயியின் கேள்வி. அதற்குப் பல பண்ணைகளில் பதில் தெரிந்தேயிருந்தது: இல்லை. "இல்லை என்று நிரூபிக்க முடியுமா?" என்பது வாங்குபவரின் கேள்வி. அதற்குப் பதில் இல்லை. கால்நடைகள் செத்தது இந்த இரண்டாவது கேள்விக்காக.

சாரமும் கரணையும்

இத்தனைக்கும் பதில் ஆய்வகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது.

கோமாரி வைரஸ் மிகச் சிறியது. உள்ளே ஓர் ஆர்என்ஏ இழை, வெளியே புரதக் கூடு. அது செல்லுக்குள் நுழைந்ததும் அந்த இழையைப் படித்து ஒரே நீளமான புரதச் சங்கிலி உருவாகிறது. அந்தச் சங்கிலி துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. சில துண்டுகள் புது வைரஸ்களின் கூடாகும். மற்றவை கூட்டில் சேராது. இழையைப் பிரதி எடுப்பது, சங்கிலியை வெட்டுவது, செல்லை அடக்கி வைப்பது போன்ற வேலைகள் அவற்றுடையவை.

வீடு கட்டுகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். சுவர் வீட்டோடு இருக்கும். சாரம், கலவைச் சட்டி, கரணை எல்லாம் வேலை முடிந்ததும் போய்விடும். ஆனால் தெருவில் இருப்பவர்களுக்கு இங்கே கட்டுமானம் நடந்தது நினைவிருக்கும். சுவரில் சாரம் கட்டிய ஓட்டையும் இருக்கும்.

தடுப்பூசி என்பது வேறெங்கோ கட்டி முடித்த வீட்டை லாரியில் கொண்டு வந்து இறக்குவது போல. தொழிற்சாலைத் தொட்டியில் செல்களில் வைரஸை வளர்த்து, ரசாயனத்தால் கொன்று, வடிகட்டி, கூட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மாட்டின் உடலில் கட்டுமானமே நடப்பதில்லை. ஆகவே அதன் ரத்தத்தில் சுவருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும், சாரத்துக்கு எதிரானது இருக்காது. நிஜமாகத் தொற்று வந்த மாட்டில் இரண்டும் இருக்கும். சுவரை விட்டுவிட்டுச் சாரத்தைத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் முயற்சி 1966இல், நியூயார்க் மாநிலக் கடற்கரைக்கு அப்பாலுள்ள பிளம் தீவு ஆய்வகத்தில். தொற்று வந்த மாடுகளின் ரத்தம் மட்டும் அடையாளம் காணும் ஒரு புரதத்தைக் கோவன், கிரேவ்ஸ் என்ற இருவர் கண்டார்கள். அது வைரஸின் பிரதி எடுக்கும் கருவி என்பது பிறகு தெரிந்தது. பல நாடுகள் இந்தச் சோதனையைப் பயன்படுத்தின. ஒரு சிக்கல். திரும்பத் திரும்ப ஊசி போட்ட மாடுகளும் சில சமயம் இதில் மாட்டின. அந்தக் கருவி கொஞ்சம் வைரஸ் கூட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கொத்தனார் கரணையைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்ட கதை. ஊசியோடு கரணையும் போய்விடும்.

அடுத்த பெரிய நகர்வு கோமாரியில் நடக்கவில்லை, பன்றிகளுக்கு வரும் அவுயெஸ்கி நோயில் நடந்தது. 1961இல் ஹங்கேரியின் பார்த்தா, அந்நோயின் வைரஸை ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைந்த வகை ஒன்றை உருவாக்கினார். நல்ல தடுப்பூசி. ஏன் வீரியம் குறைந்தது என்று அப்போது தெரியாது. 1980களில்தான், அந்த வைரஸ் வளர்ப்பின்போது தன் மேற்பரப்புப் புரதம் ஒன்றின் மரபணுவைத் தொலைத்திருந்தது தெரிந்தது. தொலைந்ததே அடையாளமாயிற்று. ஊசி போட்ட பன்றியில் அந்தப் புரதத்துக்கு ஆன்டிபாடி இருக்காது, நோய் வந்த பன்றியில் இருக்கும். 1986இல் நெதர்லாந்தின் யான் வான் ஓயர்ஸ்கோட்டும் குழுவினரும் இதற்கான ரத்தச் சோதனையை வெளியிட்டனர். இத்தகைய ஊசியும் சோதனையும் சேர்ந்து, ஜெர்மனியிலும் அமெரிக்காவின் வணிகப் பன்றிப் பண்ணைகளிலும் 2000களின் தொடக்கத்தில் அந்த நோயை ஒழித்தன. 'தொற்றியதையும் ஊசி போட்டதையும் பிரித்தறிதல்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டீவா' என்று பெயர் வைத்தவரும் வான் ஓயர்ஸ்கோட்தான்.

கோமாரியில் சரியான சாரத்துண்டு 1990களில் கிடைத்தது. பெயர் 3ஏபிசி. கூட்டுக்குள் சிக்காதது, தொற்று வந்த மாட்டில் வலுவான ஆன்டிபாடியை எழுப்புவது. தென் அமெரிக்காவில் 1990களின் முற்பகுதியிலும், இத்தாலி, இங்கிலாந்து, டென்மார்க் ஆய்வகங்களில் 1997-98 வாக்கிலும் இதை வைத்துச் சோதனைகள் உருவாகி ஆய்விதழ்களில் வந்துவிட்டன.

மறுபடியும் ஆண்டைக் கவனியுங்கள். 1998. இங்கிலாந்தில் தீ மூட்டியது 2001இல்.

அதே ஆண்டு, வேறு இரண்டு நாடுகள்

கண்டுபிடிப்பதற்கும் ஏற்றுக்கொள்வதற்கும் நடுவே ஒரு நீண்ட வராந்தா இருக்கிறது. எழுதி முடித்த நிரலைச் சேவையகத்தில் ஏற்றக் காத்திருக்கும் என் போன்றவர்களுக்கு அது பழகிய இடம். எத்தனை ஆயிரம் மாடுகளில் சோதித்தீர்கள், ஆட்டில் சரியாக வருமா, வாங்கும் நாடு ஒத்துக்கொள்ளுமா? எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் 2001இல் அந்த வராந்தாவில் கால்நடைகள் நின்றுகொண்டிருந்தன.

மார்ச் 21 அன்று நோய் நெதர்லாந்துக்கு வந்தது. அங்கே 26 பண்ணைகளில்தான் நோய். அரசு ஊசியும் போட்டது. சுமார் 1,800 பண்ணைகளின் கால்நடைகளுக்குப் போட்டார்கள். ஒரு மாதத்தில் நோய் நின்றது. அதன் பிறகு, ஊசி போட்ட கால்நடைகள் அத்தனையையும் கொன்றார்கள். மொத்தம் சுமார் 2,60,000. ஊசி காப்பாற்றிவிட்டது, ஆனால் ஊசி போட்டது ரத்தத்தில் தெரியும், 12 மாதக் காத்திருப்பு வரும். 3 மாதத்தில் தகுதி திரும்ப வேண்டுமென்றால் சாட்சி இருக்கக் கூடாது. தீயைவிட இதுதான் எனக்கு ஜீரணிக்க முடியாத பகுதி.

அதே ஏப்ரலில் தென் அமெரிக்காவின் உருகுவேயிலும் கோமாரி. அங்கும் முதலில் கொல்லத்தான் ஆரம்பித்தார்கள். விவசாயிகள் எதிர்த்தார்கள். சில நாட்களில் அரசு வழியை மாற்றிக்கொண்டு, மாடுகளுக்கு நாடு தழுவிய ஊசி போட்டது. ஒரு கோடி மாடுகள், இரண்டு சுற்று. நோய் வந்த பண்ணைகள் அங்கும் சுமார் 2,000, அதாவது பிரிட்டன் அளவு. ஆகஸ்டில் நோய் நின்றது. கொல்லப்பட்டவை சில ஆயிரங்கள் மட்டுமே.

இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. வைரஸ் வகை வேறு, மேய்ச்சல் முறை வேறு. எலும்பு நீக்கிய மாட்டிறைச்சியை விற்று, ஊசியோடு வாழ உருகுவே தயாராக இருந்தது. பிரிட்டன் 'ஊசி இன்றி விடுபட்ட' தகுதியை விட்டுத்தர மனமில்லாமல் இருந்தது. ஆனால் ஊசி போட்டால் நோய் நிற்காது என்று சொல்ல, அந்த ஆண்டுக்குப் பிறகு யாராலும் முடியவில்லை.

விதி மாறிய பிறகு

2002 மே மாதம் விதி மாறியது. ஊசி போட்டு உயிரோடு விட்டாலும், சாரத்தைத் தேடும் சோதனையால் மந்தையில் தொற்று இல்லை என்று காட்டினால், 12 மாதம் 6 மாதமாகக் குறையும். அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனின் ராயல் சொசைட்டி விசாரணைக் குழு, அடுத்த முறை 'ஊசி போட்டு வாழவிடுதல்' முன்வரிசை வழியாக இருக்க வேண்டும் என்று எழுதியது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது.

இங்கே கதை சுபமாக முடியவில்லை. கொஞ்சம் கணக்குப் போடலாம். 100க்கு 99 முறை சரியாகச் சொல்லும் சோதனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொற்றே இல்லாத, ஊசி போட்ட 1,00,000 மாடுகளைச் சோதித்தால் 1,000 மாடுகள் 'தொற்று உண்டு' என்று தவறாக வரும். அவற்றை என்ன செய்வது? இன்னொரு வகைச் சோதனையால் மறுபடி பார்க்கலாம், மந்தையில் அவை ஓரிடத்தில் கூட்டமாக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். மறுபுறம், ஊசி நன்றாக வேலை செய்த மாட்டில் வைரஸ் கொஞ்சமே பெருகியிருக்கும். சாரமும் கொஞ்சமே கட்டியிருக்கும். அந்தத் தடம் சோதனையில் தப்பலாம். ஆகவே இந்தச் சோதனை மந்தையைப் பற்றி நம்பகமாகப் பேசும். தனி மாட்டைப் பற்றிக் கேட்டால் தயங்கும்.

எஞ்சிய சந்தேகத்தை யார் சுமப்பது என்பதைச் சோதனை தீர்மானிக்காது. 2010இல் ஜப்பானின் மியாசாகியில் கோமாரி வந்தபோது, பரவலை நிறுத்த ஊசி போட்டார்கள். பிறகு ஊசி போட்டவற்றையும் சேர்த்து ஏறக்குறைய 2,90,000 கால்நடைகளைக் கொன்றார்கள். சோதனையும் இருந்தது, விதியும் மாறியிருந்தது. இருந்தும் 3 மாதம் 6 மாதத்தைவிடச் சிறியதாகவே இருந்தது.

மஞ்சள் கம்மல்

இந்தியாவில் கோமாரிக்காக மந்தைகளைக் கொல்வது நடக்காத காரியம். ஒன்றிரண்டு மாட்டை நம்பி வாழும் கோடிக்கணக்கான வீடுகள், மாட்டைக் கொல்லத் தடைபோடும் சட்டங்கள், நம்பிக்கைகள். ஊசி ஒன்றே வழி. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டம், 2030க்குள் கோமாரியை ஒழிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. ஊசி போட்ட மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லை தொங்கும். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கம்மல்.

எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுவிட்டால், நோய் அடியில் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்? அதே சோதனைதான். முக்தேஸ்வரில் இருந்த மத்திய கோமாரி ஆய்வு மையம் 3ஏபி3 என்ற சாரத்துண்டை வைத்து உள்நாட்டுச் சோதனையை உருவாக்கியது. குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்த மாடுகளின் ரத்தத்தில் அந்தத் தடம் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். முக்கியமாக இளங்கன்றுகளில். பழைய தொற்றின் தடம் வளர்ந்த மாட்டில் நெடுநாள் இருக்கும். கன்றில் தெரிந்தால் வைரஸ் சமீபத்தில் அந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஐரோப்பாவில் எதைக் கொல்ல வேண்டியதில்லை என்று காட்டப் போராடிய அதே சோதனை, இங்கே வைரஸ் எங்கே மிச்சமிருக்கிறது என்று காட்டுகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். பால் சங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. ஒரே ஒரு மாடும் கன்றும். நெதர்லாந்துக் கதையை இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

"ஊசி போட்டுட்டு, அப்புறம் கொன்னானா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் கன்றின் காது வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "நம்மூர்ல ரத்தம் எடுத்துட்டுப் போறாங்கன்னு வை. என்ன வந்துச்சுன்னு மாட்டுக்காரன்கிட்ட சொல்வாங்களா?"

சொல்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை. இதுவரை படித்த எந்தக் கட்டுரையிலும் அந்தக் கேள்வியை நான் பார்க்கவில்லை.